பயிற்சி இடத்துக்கு விண்ணப்பம்: பதில் வராதது ஏன்?

கேள்வி: யாழ். பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் என் மகள், தொழிற்பயிற்சிக்காக ஒரே சுயவிபரக்கோவையைப் பல கொழும்பு நிறுவனங்களுக்கு அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை. என்ன பிழை?
ஒரு தாய், கோண்டாவில்

பதில்: பிழை அந்த 'ஒரே' என்பதில்தான் அம்மா. நிறுவனம் கேட்கும் திறமைக்குப் பொருந்தும் செயற்திட்டம் முதற்பக்கத்தின் மேற்பாதியிலேயே வரவேண்டும். மொத்தம் 2 பக்கம் போதும். அடையாள அட்டை இலக்கம், தகப்பனின் தொழில் எல்லாம் தேவையில்லை.

குழுவாகச் செய்ததை 'நாங்கள் செய்தோம்' என்று எழுதுவதுதான் எங்கள் பிள்ளைகளைப் பின்தள்ளுகிறது. வாசிப்பவருக்கு அவளுடைய பங்கு தெரியாது. 'தரவுத்தளத்தை நான் வடிவமைத்தேன்' என்று பிரித்துச் சொல்லட்டும், கூச்சம் வேண்டாம். கிட்ஹப் (எழுதிய நிரல்களைச் சேமித்துக் காட்டும் இணையத்தளம்) இணைப்பை வேறொருவரின் போனில் திறந்து பார்க்கவும். தனிப்பட்டதாக வைத்த கோப்பு அவளுக்கு மட்டுமே திறக்கும்.

மின்னஞ்சல் தலைப்பில் எந்தப் பயிற்சி, தொடங்கும் திகதி, எத்தனை மாதம் என்பன இருக்கட்டும். பரிந்துரைக்கும் விரிவுரையாளரிடம் முதலே அனுமதி கேட்கவேண்டும்.

நேர்முகத்துக்கு, ஒவ்வொரு செயற்திட்டத்தையும் 2 நிமிடத்தில் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் நாக்கு எங்கே தடக்கும் என்று தெரியாது. ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலின் கீழ் இரண்டு வரியில் நினைவூட்டலாம்.