ஹாஸ்கலில் கீ-வேல்யூ ஸ்டோர்: மாறாத மதிப்பும் மாறும் கோப்பும்

மதிப்புகள் மாறாத ஹாஸ்கல் போன்ற நிரல்மொழியில், சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும், வட்டில் நிலைத்திருக்கும் கீ-வேல்யூ ஸ்டோரைப் பயன்படுத்துவது அந்த மொழியின் இயல்புக்கே முரணாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரி ஒருவருக்குக் கடன் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில், முரண் இல்லை என்றே சொல்வேன். ஆனால் கவனம் தேவைப்படும் இடங்கள் சில உண்டு.

நான் பயன்படுத்திய ஸ்டோர் எல்.எம்.டி.பி. ஓபன்-எல்டாப் என்ற அடைவுச் சேவைத் திட்டத்துக்காக ஹோவர்ட் சூ சி மொழியில் எழுதிய நூலகம் அது. அதில் ஒரு பதிவை மாற்றினால் பி-மரத்தின் (சாவிகளை வரிசையாகப் பக்கம் பக்கமாக வைக்கும் மர அமைப்பின்) பழைய பக்கம் அழிக்கப்படுவதில்லை. அதன் நகல் ஒன்று திருத்தப்பட்டு, வேர் வரையுள்ள பக்கங்களும் புதிதாக எழுதப்பட்டு, இறுதியில் எது இப்போதைய வேர் என்ற குறிப்பு மட்டும் மாறுகிறது. பேரேட்டில் தவறான பற்றை அடிக்காமல் எதிர்ப்பதிவு போடும் கணக்கப்பிள்ளையின் வழக்கத்தை இது நினைவூட்டும். சாவி-மதிப்பு இணைகளை நினைவகத்தில் வைக்கும் ஹாஸ்கலின் மேப் வகையும் உள்ளே இப்படித்தான் இயங்குகிறது. ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது: பேரேடு பழையதை என்றும் வைத்திருக்கும்; எல்.எம்.டி.பி.யோ, பழைய பக்கத்தைப் படிப்பவர் எவரும் இல்லை என்றானதும் அதை வேறு பதிவுக்குப் பயன்படுத்திக்கொள்ளும்.

எனக்குச் சிக்கல் வந்ததும் அங்கேதான். வேகத்துக்காக, நான் எடுத்துக்கொண்ட பைண்டிங் (சி நூலகத்தை ஹாஸ்கலிலிருந்து அழைக்க உதவும் இணைப்பு) தரவை நகலெடுக்காமல், நினைவகத்தில் விரிக்கப்பட்ட கோப்பின் முகவரியையே கொடுத்தது. அந்த முகவரி, படிக்கவோ எழுதவோ தொடங்கி மூடும் ஒரு சுற்றான டிரான்ஸாக்ஷன் முடியும் வரைதான் செல்லும். ஹாஸ்கலோ, தேவைப்படும்போதுதான் எதையும் கணக்கிடும் மொழி. ஆகவே நிலுவைத் தொகையைக் கூட்டும் வேலை, டிரான்ஸாக்ஷன் மூடப்பட்ட பிறகு, அச்சிடும் நேரத்தில்தான் நடந்தது. நடுவில் புதிய பற்று எதுவும் ஏறாத நாளில் தொகை சரியாக வந்தது. சரக்கு இறங்கும் விடியற்காலையில், பழைய பக்கத்தில் வேறு பதிவு ஏறிவிட்டதால், குப்பை வந்தது. என் கணினியில் ஒருமுறைகூடத் தவறாத நிரல் அது என்பதால், இரண்டு வாரம் வியாபாரியின் கணினியையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

தீர்வு எளியது: டிரான்ஸாக்ஷனுக்குள்ளேயே பைட்டுகளை நகலெடுத்து, மதிப்பை முழுமையாகக் கணக்கிட்டு, அதன் பிறகே வெளியே தர வேண்டும். மதிப்பை முழுமையாகக் கணக்கிடவைக்கும் ஃபோர்ஸ் என்ற செயற்கூற்றை, எதையும் கணக்கிடாமலே மதிப்பைத் திருப்பித் தரும் ரிட்டர்னுக்குள் இட்டால் மட்டும் போதாது, ஏனெனில் அதுவும் தேவைப்படும்போதுதான் இயங்கும். உடனே கணக்கிடச் சொல்லும் எவால்யுவேட்டுடன் சேர்த்தே அழைக்க வேண்டும். டிரான்ஸாக்ஷனைத் திறந்தே வைத்துவிடலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் பழைய பக்கங்களை மறுபடி பயன்படுத்த வழியின்றிக் கோப்பு வீங்கிக்கொண்டே போகும்.

அடுத்தது தமிழில் எழுதுவோருக்கே உரிய தொல்லை. கடன் வாங்கியவரின் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சாவியாக வைத்திருந்தேன். 'கோயம்பேடு' என்பதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே இட்டு மூன்று குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் யூ.டி.எஃப்-8 என்ற பைட் வடிவில் ஒன்று 6 பைட், மற்றொன்று 9 பைட். ஸ்டோருக்கு அவை இரு வேறு சாவிகள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலில் ஒரு வடிவமும் கைபேசியில் தட்டியதில் இன்னொரு வடிவமும் இருந்ததால், ஒரே ஆளுக்கு இரண்டு கணக்குகள் உருவாகியிருந்தன. இந்த இடத்தில் ஹாஸ்கல் கைகொடுத்தது: சாவிக்கென்று தனி வகை ஒன்றை நியூடைப்பாக (இருக்கும் வகையைப் போர்த்திய புது வகையாக) அமைத்து, அதை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரை மாட்யூலுக்கு வெளியே தராமல், குறிகளைச் சேர்த்து ஒரே சீராக எழுதும் என்.எஃப்.சி. என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றும் ஒரே செயற்கூற்றின் வழியாகவே சாவி பிறக்கும்படி செய்தேன். வெறும் எழுத்துச்சரத்தை யாராவது சாவியாகக் கொடுத்தால் நிரல் கம்பைலே ஆகாது.

சாவிகள் பைட் வரிசையில் அடுக்கப்படுவதால் 'ந'வை அடுத்தே 'ன' வந்து நிற்கும். அகர வரிசை வேண்டுமானால் படித்த பிறகு நீங்களேதான் அடுக்கிக்கொள்ள வேண்டும். சாவியின் நீளம் இயல்பாக 511 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். தமிழில் அது 170 குறிகள், பெயருக்கு அது தாராளம். கோப்பின் உச்ச அளவு, நீங்கள் சொல்லாவிட்டால், 10 எம்.பி.தான், தொடக்கத்திலேயே சில ஜி.பி. என்று கொடுத்துவிடுங்கள்.