ஒழுங்காகக் கட்டியும் கடன் மறுக்கப்படுவது ஏன்?

கேள்வி: பிறையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஓவர்டைம் நின்றுபோனபோது மோட்டார் சைக்கிள் கடனில் ஒரே ஒரு தவணை தவறியது. மறுமாதம் முதல் ஒழுங்காகக் கட்டி வருகிறேன். ஆயினும் வீட்டுக் கடனை வங்கி மறுத்துவிட்டது. 300 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் பிளேக்லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் (CCRIS) எனும் கடன் விவர அறிக்கையில் கருப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லாதபோது, அதிலிருந்து பெயரை எடுப்பது எப்படி? வங்கிகள் அனுப்பும் கணக்கு விவரங்கள்தாம் அதில் இருக்கின்றன. கடன் தருவதா வேண்டாமா என்பதை அந்தந்த வங்கியே முடிவு செய்கிறது. அதற்கான இசிசிரிஸ் (eCCRIS) இணையத்தளத்தில் பதிந்துகொண்டு உங்கள் அறிக்கையை நீங்களே இலவசமாகப் பார்க்கலாம்.

அதில் ஒவ்வொரு கடனுக்கும் நேரே கடந்த 12 மாதங்களுக்கான எண்கள் வரிசையாக இருக்கும். 0 என்றால் நிலுவை இல்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை நிலுவை. 2 என்றால் இரு மாதத் தவணை. உங்கள் சிக்கல் இந்த வரிசையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தவறிய தவணையைச் சேர்த்துக் கட்டாமல் மறுமாதம் முதல் வழக்கமான தொகையை மட்டும் கட்டியிருந்தால், அப்பணம் பழைய நிலுவைக்கு வரவாகி, அந்த மாதத் தவணை நிலுவையாக நின்றுவிடும். அடுத்த மாதமும் அதே கதைதான். நீங்கள் ஒரு மாதமும் தவறாமல் கட்டியதாக நினைத்திருக்க, அறிக்கையோ மாதந்தோறும் 1 என்று காட்டிக்கொண்டிருக்கும். (இப்படி ஏமாந்தவர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன்.)

மோட்டார் சைக்கிள் கடன் தந்த வங்கியில், தாமதக் கட்டணம் உட்பட மொத்த நிலுவை எவ்வளவு என்று கேட்டு, அந்த 300 வெள்ளியை அங்கே கட்டுங்கள். அதன்பின் புதிய மாதங்களில் 0 விழும். பழைய 1-கள் மாதத்துக்கு ஒன்றாக விலகி, ஓராண்டில் வரிசை சுத்தமாகிவிடும். பதிவே தவறாக இருந்தால், அதை அனுப்பிய வங்கியிடம்தான் திருத்தம் கேட்க வேண்டும்.

சிடோஸ் (CTOS) என்பது வேறு. அது கடன் விவர அறிக்கை தரும் தனியார் நிறுவனம். 300 முதல் 850 வரையிலான மதிப்பெண்ணோடு நீதிமன்ற வழக்கு, திவால் விவரங்களையும் அது காட்டும்.

நிலுவை தீரும்வரை வேறு வங்கிகளில் விண்ணப்பம் போடாதீர்கள். முடிவாகாத விண்ணப்பங்களும் சிசிரிஸில் தெரியும்.