வாசகர் கேள்வி: கூலி என்றால் என்ன வேலை?

கேள்வி: வணக்கம் டாக்டர். போன மாசம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், எலிக்காய்ச்சல் என்றார்கள். இப்போது பரவாயில்லை. என்ன வேலை என்று கேட்டதற்குக் 'கூலி' என்றேன், எழுதிக்கொண்டார்கள். நாலு நாள் கழித்து மாநகராட்சியிலிருந்து ஒருத்தர் வீட்டுக்கே வந்து எங்கே வேலை, தண்ணியில் இறங்கினாரா, கூட யார் யார் என்று துருவித் துருவிக் கேட்கிறார். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார். இதெல்லாம் இவர்களுக்கு எதற்கு?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒன்று, கூலி என்பது வேலையே இல்லை அம்மா, சம்பளம் வாங்குகிற முறை. சித்தாளும் கூலி, மூட்டை தூக்குபவரும் கூலி, மழைநீர் வடிகாலில் தூர் வாருகிறவரும் கூலி. மூன்று பேருக்கும் ஒரே காய்ச்சலா வரும்? (பயிற்சி டாக்டராக இருந்தபோது நானும் கேஸ் ஷீட்டில் 'கூலி' என்று எழுதித் தள்ளியவன்தான். அப்போது யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்க வேண்டும்.)

எலிக்காய்ச்சல் கிருமி எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரில் வெளியேறி, தேங்கின தண்ணீரிலும் சேற்றிலும் உயிரோடு கிடக்கும். காலில் சின்ன வெட்டு இருந்தால் போதும், உள்ளே போய்விடும். போன பிறகு காய்ச்சல் வர 2 நாளும் ஆகலாம், 30 நாளும் ஆகலாம். அதனால்தான் இன்றைய வேலையோடு நிறுத்தாமல் ஒரு மாசத்துக் கதையையும் கேட்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரரோடு அதே கால்வாயில் இறங்கின இன்னொருவர் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கும் போய்க்கொண்டிருக்கலாம். ஆரம்பத்திலேயே தெரிந்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் அடங்கிவிடும். விட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் போகும் அளவுக்கு முற்றலாம்.

டெங்குவையும் பாருங்கள். அந்தக் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். பகலில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? வேலையில். கட்டடம் கட்டுகிற இடத்தில் தொட்டியிலும் தளத்திலும் தண்ணீர் நிற்கும், கொசு அங்கே வளரும். ஃபார்மில் வீட்டு முகவரி மட்டும் இருந்தால் மாநகராட்சி உங்கள் தெருவில் புகை அடித்துவிட்டுப் போகும், கொசு கிண்டியிலோ போரூரிலோ நிம்மதியாக இருக்கும்.

2020 மே மாசத்தில் கோயம்பேடு மார்க்கெட்டை மூடியது ஞாபகம் இருக்கும். அங்கே வேலை பார்த்துவிட்டுக் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று சொந்த ஊருக்குப் போனவர்களுக்குக் கொரோனா வந்ததே, அவர்களையெல்லாம் சேர்த்துக் கட்டிய கயிறு அந்த ஒரு வேலையிடம்தான். எல்லோருக்கும் 'கூலி' என்று எழுதியிருந்தால் சங்கதி வெளியே வந்திருக்குமா?

சரி, உங்கள் பயம். நியூயார்க்கில் மேரி மல்லன் என்று ஒரு சமையல்காரம்மா இருந்தார். அவர் எந்தெந்த வீடுகளில் சமைத்தார் என்ற பட்டியலைப் பின்தொடர்ந்து போய்த்தான், உடம்புக்கு ஒன்றும் இல்லாமலேயே டைஃபாய்டைப் பரப்புகிறார் என்பதை 1907-இல் பிடித்தார்கள். பிடித்தவர்கள் பிழைப்புக்கு ஒழுங்கான வழி காட்டவில்லை. வெளியே விட்டதும் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமைக்கப் போனார், மறுபடி பிடித்தார்கள், இரண்டு தடவையும் சேர்த்து 26 வருஷம் தனிமையில் வைத்தார்கள். வேலை விவரம் கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும் இந்த அம்மாவை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். வேலை விவரம் சுகாதாரத் துறையோடு நிற்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாமலேயே அந்தச் சைட்டில் எல்லோரையும் பரிசோதிக்கலாம், பூட்ஸும் கையுறையும் கொடுக்கச் சொல்லலாம். "மேஸ்திரியிடம் பெயர் சொல்லாதீங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள், தப்பே இல்லை. இன்னொன்று, வேலையால் வரும் சில தொற்றுநோய்களுக்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. என்ன வேலை என்பது கேஸ் ஷீட்டில் இல்லாவிட்டால் பின்னால் எதைக் காட்டுவீர்கள்?

கேள்வி: நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறேன். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது வேலைக் கதை கேட்க முடியுமா சார்?
– பெயர் வேண்டாம், திரு.வி.க. நகர்

பதில்: முடியாது. காரணம் பிடிபடாத காய்ச்சல், மஞ்சள் காமாலை, இரண்டு வாரம் தாண்டின இருமல், இவர்களிடம் மட்டும் கேளுங்கள். "என்ன தொழில்" என்றால் ஒற்றை வார்த்தைதான் வரும். "வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், கொட்டிவிடுவார்கள். "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்கிற அம்மா இரண்டு மாடு வைத்துப் பால் கறந்துகொண்டிருப்பார், அப்போது புருசெல்லா காய்ச்சலையும் யோசிக்க வேண்டும். காசநோயோடு வருகிற வாட்ச்மேன் பத்து வருஷம் முன்னால் கல்குவாரியில் இருந்திருப்பார். கல்தூசி படிந்த நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும், அதனால் பழைய வேலையையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஐ.டி. வேலைக்கு இதெல்லாம் தேவையா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: ஏசி ஹாலில் பக்கத்து சீட்காரர் மாசக்கணக்கில் இருமினால் தேவை. கேன்டீன் சாப்பாட்டில் மஞ்சள் காமாலை வந்தாலும் தேவை. அந்த ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ளே போய் 15 முதல் 50 நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அத்தனை நாள் முன்னால் எங்கே சாப்பிட்டோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும் என்கிறீர்களா? ஜிபே ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள்.