சிறுபிள்ளைப் புற்றுநோயை ஆராய டொக்டராகத்தான் வேண்டுமா?

ஹட்டனில் உயர்தரம் உயிரியல் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டது இது. அப்படி ஒன்றுமில்லை தங்கச்சி. பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியலுக்கே ஒரு துறை இருக்கிறது, கண்டி பஸ் ஏறினால் வழியிலேயே வரும். பட்டத்துக்கு அப்புறம் முதுமாணி, கலாநிதி என்று பல வருடம் ஆய்வுகூடத்தில் போகும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, அங்கே என்னதான் செய்வார்கள்? விழித்திரைப் புற்றுநோயை எடுங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரியலாம் (தெரிந்தால், எந்த லயத்துப் பிள்ளையானாலும், உடனே கண் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்). அமெரிக்க மரபியல் ஆய்வாளர் அல்ஃபிரட் நட்சன் 1971இல் இந்த நோய் வந்த 48 பேரின் விவரங்களை வைத்து, மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் கட்டி வளரும், பரம்பரையாக வரும் பிள்ளைக்கு ஒன்று பிறக்கும்போதே கெட்டிருக்கும், அதனால்தான் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் சின்ன வயதிலேயே வருகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார். 13ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள அந்த மரபணுவை 1986இல் பிரித்தெடுத்தார்கள். இன்று இரத்தப் பரிசோதனையிலேயே தம்பி தங்கைக்கு ஆபத்து உண்டா என்று பார்க்க முடிகிறது. ஆனால் பெரும்பாலான சிறுபிள்ளைப் புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை, தாயைக் குறை சொல்லும் பேச்சை எங்கே கேட்டாலும் இதைச் சொல்லுங்கள்.