டாக்டர் இல்லாத ஒருவர், ஏழைகளுக்குப் புற்றுநோய் சிகிச்சை கிடைக்கத் தன்னார்வலராக என்ன செய்ய முடியும்?

கேட்டவர் மென்பொருள் வேலையில் இருக்கிறாராம். வார இறுதியில்தான் நேரம் கிடைக்குமாம். நம்மைப் போன்ற நாடுகளில் மருந்து விலைதான் பெரிய தடை என்று படித்திருக்கிறார், அதில் தன்னால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா என்று கேட்கிறார். உண்டு. மருந்து விலைக்குப் பிறகு வருகிறேன், அதற்கு முன்னால் படிவம்.

நான் தாலுகா அலுவலகத்தில் 31 வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். என் மச்சானுக்கு வாயில் புற்றுநோய் வந்து மதுரையில் ஏழு வாரம் கரன்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு என்று எழுதினால்தான் நாகரிகம், ஆனால் அந்த வரிசையில் நிற்கிற யாரும் அப்படிச் சொல்வதில்லை, எல்லாருக்கும் கரன்ட்தான். மச்சான் உள்ளே போய்வரும் வரை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு தாளை நீட்டி, "சார், இதுல என்னமோ எழுதணுமாம், பேனா வச்சிருக்கீங்களா?" என்றார். காப்பீட்டுப் படிவம். நிரப்பிக் கொடுத்தேன். மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். மச்சான் இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இன்னமும் செவ்வாய்க்கிழமை தோறும் அதே பெஞ்சுக்குப் போகிறேன்.

தமிழ்நாட்டில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அறுவை, கரன்ட், கீமோ மூன்றும் அதற்குள் வரும். அரசு மருத்துவமனை என்றால் சிகிச்சைக்குக் காசே கிடையாது. பணம் இருக்கிறது, கருவி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். பிறகு ஏன் ஆள் வந்து சேருவதில்லை?

ரேஷன் கார்டில் பழனியம்மாள், ஆதாரில் பழனியம்மா. அவ்வளவுதான். அந்த ஓர் 'ள்' இல்லாததால் காப்பீட்டு அட்டை கிடைக்காமல் மூன்று வாரம் அலைந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும், வி.ஏ.ஓ. பார்க்க வேண்டும், அவருக்கு மேலே ஒப்புதல் ஆக வேண்டும், அப்புறம் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். கட்டி ஒருபக்கம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. எந்தத் தாள் எந்த மேஜையில் தூங்கும், யாரிடம் எப்படிக் கேட்டால் எழுந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். 31 வருடம் அந்த மேஜைக்குப் பின்னால் இருந்து தாள்களைத் தூங்க வைத்தவர்களில் நானும் ஒருவன்.

ரயில் கட்டணமும் அப்படித்தான். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் ஒரு படிவம் கையெழுத்தாக வேண்டும், அவ்வளவே. எத்தனையோ பேர் முழுக் காசு கொடுத்து, அதுவும் முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டு சென்னைக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அற்ப வேலை என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, இந்த அம்மா விஷயம் நடக்கும் வரை.

ஐம்பது வயது, கருப்பைவாய்ப் புற்றுநோய். 25 முறை கரன்ட், வாரம் ஒரு கீமோ, கடைசியில் உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. மூன்றாம் வாரம் வரை ஒழுங்காக வந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். போன் செய்தால் மகன் எடுத்து, "அம்மா காட்டுக்குப் போயிருக்கு" என்றான். சரி, பஸ் காசு பிரச்சினை என்று நானே முடிவு கட்டினேன். பெண்களுக்கு இலவசம் என்பது நகரப் பேருந்தில்தான், மதுரை போகிற வண்டியில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். வீட்டுக்கே போய் இரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்து, "நாளைக்கு வந்துரும்மா" என்றேன். தலையாட்டினார். வரவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. இரவு சாப்பிடும்போது புலம்பினேன். என் வீட்டுக்காரி, "நம்பரைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பத்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது. அடிவயிற்றில் கரன்ட் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வயிற்றுப்போக்கு பிடிக்கும். மருத்துவமனையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். "நாலு தடவ போகுது அண்ணி. கண்டக்டர்கிட்ட எப்பிடிச் சொல்றது? அண்ணங்கிட்டதான் எப்பிடிச் சொல்றது?" என்று அழுதாராம்.

அதற்கு மாத்திரை இருக்கிறது. சாப்பாட்டில் செய்ய வேண்டிய மாற்றம் இருக்கிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே நோயாளிகள் தங்க ஓர் அறக்கட்டளை மண்டபம் வைத்திருக்கிறது, ஒரு பாய் விரிக்கிற இடம் கேட்டால் கொடுப்பார்கள், கழிப்பறை இருபது அடியில் இருக்கிறது. மறுநாளே அங்கே சேர்த்தோம். ஆனால் அதற்குள் ஒன்பது நாள் போய்விட்டது. இந்த நோய்க்கு முதல் கரன்ட்டிலிருந்து கடைசி வரை எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், நீள நீளப் பலன் குறையும் என்று டாக்டர் என்னைப் பிடித்துக் காய்ச்சினார். ஒன்பது வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அம்மா நன்றாக இருக்கிறார், போன தை மாதம் பரிசோதனைக்கு வந்தார். இருந்தாலும் அந்த ஒன்பது நாளில் பாதி என் கணக்கில்தான் சேரும். கேட்காமலே காரணத்தை முடிவு செய்தவன் நான். அன்றிலிருந்து பெண்களிடம் என் வீட்டுக்காரிதான் பேசுகிறாள். எனக்கு முன்னால் பஸ் ஏறி உட்கார்ந்திருப்பாள்.

உங்களுக்கு வார இறுதி மட்டும்தான் என்றீர்கள். சனி ஞாயிறில் கரன்ட் பெரும்பாலும் கிடையாது, ஆனால் போன் உண்டு. வராமல் போனவர்களை அழைத்து, திட்டாமல், ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் வேண்டும். சிகிச்சையைப் பாதியில் விடுவது உலகம் முழுக்க உள்ள பிரச்சினை. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு அது சொல்லும் காரணங்களில் பாதியில் நிறுத்துவதும் ஒன்று. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு மூன்று வருடம் விடாமல் வர வேண்டும். இரண்டாம் மாதமே பிள்ளை ஓடி ஆட ஆரம்பித்துவிடும். "நல்லாத்தானே இருக்கான்" என்று பெற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள். அந்த வீட்டுக்கு வாரம் ஒரு போன் போனால் போதும்.

அப்புறம் தட்டணு, ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட். கீமோ போகும் பிள்ளைகளுக்கு அடிக்கடி தேவைப்படும். ரத்தம் மாதிரி அதை வாரக்கணக்கில் வைத்திருக்க முடியாது, ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் பெரிய முகாம் நடத்தி ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பதைவிட, கூப்பிட்டால் ஒருவர் மாற்றி ஒருவர் வரத் தயாராக இருக்கும் இருபது பேர் மேல். உங்கள் அலுவலகத்தில் அந்த இருபது பேரைப் பிடிக்க முடியாதா?

மருந்து விலைக்கு வருகிறேன். அதிலும் ஒரு மனுதான் வேலை செய்தது, எனக்கு மிகப் பிடித்த கதை அது. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு க்ளிவெக் என்று ஒரு மாத்திரை 2001-ல் வந்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கொடுத்தன. அந்த மாத்திரையின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்டிருந்த காப்புரிமை கிடைத்திருந்தால் மலிவு மாத்திரைக்குப் பெரிய தடை வந்திருக்கும். விண்ணப்பம் நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் இருந்தது. அதை எதிர்த்து மனு போட்டவர்களில், போட்டி மருந்து நிறுவனங்களோடு, மும்பையில் 1969 முதல் இயங்கும் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இருந்தது. நோயாளிகளுக்கு மருந்தும் சாப்பாடும் ஏற்பாடு செய்கிற தொண்டு அமைப்பு. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு உயர் நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, பலன் கூடியிருப்பதாகக் காட்டாவிட்டால் காப்புரிமை இல்லை என்கிற சட்டப் பிரிவு நிலைத்தது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே நிறுவனம் மேக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பின் வழியாக ஏராளமான நோயாளிகளுக்கு அந்த மாத்திரையை இலவசமாகவும் கொடுத்தது. ஆனால் தானமாக வருவது வேறு, கடையில் வாங்குகிற விலைக்கு இருப்பது வேறு. காப்புரிமை தருவதற்கு முன்பு ஆட்சேபனை மனுவை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றுதான் நம் சட்டம் சொல்கிறது. வேதியியலும் ஆங்கிலமும் கணினியும் தெரிந்த உங்களைப் போன்றவர்கள், இந்த வேலை செய்யும் அமைப்புகளுக்கு, மருந்து புதியதல்ல என்று காட்டும் பழைய ஆவணங்களைத் தேடிக் கொடுத்தாலே பெரிய உதவி. எனக்கு அந்த வயதும் படிப்பும் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

நோய் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எல்லாவற்றையும்விட மலிவு. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-லிருந்து ஓர் ஆய்வு நடந்தது, எங்கள் ஊருக்குப் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவமனையும் அதில் உண்டு. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார்கள், நாம் வினிகர் என்று வாங்குகிறோமே, அந்தப் புளிப்புதான். கோளாறான இடம் வெளுத்துக் காட்டும். 2007-ல் வந்த முடிவில், சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. என் சித்தியை அந்தச் சோதனைக்கு இழுத்துப் போனது பக்கத்து வீட்டு அங்கன்வாடி டீச்சர். அவர் வந்து வாசலில் நிற்காவிட்டால் சித்தி போயிருக்க மாட்டார்.

சில ஏழை நாடுகளில் இன்னும் மோசம். உகாண்டாவில் நாட்டுக்கே ஒரு கதிர்வீச்சுக் கருவிதான் இருந்தது, 2016-ல் அது பழுதாகி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது புதியது வேலை செய்ய. அங்கே பேனா வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அரசுகள் செய்ய வேண்டியது அது. அந்த வகையில் நமக்குக் கொடுப்பினைதான். 1954-ல் அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியும் மாதர் சங்கத்துப் பெண்களும் குடிசையில் 12 படுக்கையோடு ஆரம்பித்த புற்றுநோய் மருத்துவமனை இன்று எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தவர் முத்துலட்சுமி.

செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. பழக்கூடையோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் கிட்டே விடுவதில்லை. முடி கொட்டிய பிள்ளையின் முகத்தை உங்கள் பக்கத்தில் போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? நோயாளிக்கென்று பணம் திரட்டி உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த இலைச் சாற்றைச் சிபாரிசு செய்யாதீர்கள். கத்தி வைத்தால் பரவிவிடும் என்று யாராவது சொன்னால் வாதம் செய்யாமல், அறுவை முடிந்து நன்றாக நடமாடும் ஒருவரைக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வையுங்கள்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று உண்டு. "வயித்துல புண்ணுன்னுதான் அப்பாகிட்ட சொல்லியிருக்கோம், நீங்க உளறிராதீங்க சார்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். தலைக்கு மேலே புற்றுநோய்ப் பிரிவு என்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும். அப்பாவுக்கும் படிக்கத் தெரியும். பிள்ளைகள் டீ குடிக்கப் போனதும் அவர் என்னிடம், "என்ன வியாதின்னு எனக்குத் தெரியும் தம்பி, பசங்க பயந்துக்குவாங்க, தெரியாத மாதிரியே இருந்துட்டுப் போறேன்" என்பார். இரண்டு பக்கத்து ரகசியத்தையும் சுமந்துகொண்டு நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். உடைத்துச் சொல்வது நம் வேலையில்லை. டாக்டரிடம் மட்டும் காதில் போட்டு வைப்பேன், அவர் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவார். சில சமயம் அழுகை, சில சமயம் சிரிப்பு.

எங்கே ஆரம்பிப்பது என்றால், உங்களுக்குப் பக்கத்தில் உள்ள புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளர் யார் என்று கேளுங்கள். அவரிடம் அனுமதி வாங்காமல் உள்ளே நுழையாதீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை என்று சொன்னால் மாதம் ஒரு சனிக்கிழமை, அதற்கு மேல் சத்தியம் செய்ய வேண்டாம். முதல் நாள் யாரும் உங்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள், பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருங்கள். போகும்போது இரண்டு பேனா எடுத்துப் போங்கள். ஒன்று கட்டாயம் திரும்பி வராது.