லிபரேட்டர் கட்டப் போகிறீர்களா? பெட்டி வாங்குமுன் சில கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டு மாடிக்கு மேலேதான் சுகோய் போர் விமானம் பறக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு இரண்டாம் உலகப் போர் கால குண்டுவீச்சு விமானம் ஒன்றின் மாதிரியைக் கட்ட ஆசை வந்திருக்கிறது. பி-24 லிபரேட்டர் என்று முடிவு செய்துவிட்டேன். 1/72 (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) வாங்குவதா, 1/48 வாங்குவதா? காக்பிட்டுக்கும் குண்டு அறைக்கும் தனித்தனியாகப் பித்தளை டீட்டெயில் செட் (நுணுக்க வேலைக்கான கூடுதல் பாகங்கள்) வாங்கினால்தான் எடுப்பாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். தேவையா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: நல்ல தேர்வு. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரில் கழித்துப் போட்டுவிட்டுப் போன லிபரேட்டர்களை எச்.ஏ.எல். விமான நிறுவனம் சீர்செய்து கொடுக்க, 1948-ல் நம் விமானப் படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றை வைத்துத் தொடங்கப்பட்டது. 1968 வரை பறந்தன. அதில் ஒன்று 1974-ல் பிரிட்டனின் அரச விமானப் படை அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அளவை முடிவு செய்ய வேண்டியது நீங்களல்ல, உங்கள் வீட்டு ஷோகேஸ். நிஜ விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 33.5 மீட்டர், நீளம் 20.6 மீட்டர். 1/72-ல் இறக்கை 46.5 சென்டிமீட்டர், நீளம் 28.6. ஒரு அடி ஆழமுள்ள தட்டில் இடிக்காமல் நிற்கும். 1/48-ல் இறக்கை 70 சென்டிமீட்டர், நீளம் 43. அது எந்த ஷோகேஸிலும் அடங்காது. டிவிக்கு மேலே போய், அங்கிருந்து பீரோவுக்கு மேலே போய், கடைசியில் தூசியோடு பரணுக்குப் போகும். முதல் குண்டுவீச்சு விமானம் என்றால் 1/72 போதும்.

பெட்டியின் மேல் பி-24-க்கு அடுத்து என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். ‘டி’ என்றால் மூக்கு முழுக்கக் கண்ணாடி, துப்பாக்கிக் கோபுரம் இருக்காது. நம் விமானப் படையில் பறந்தவை மூக்கில் கோபுரம் உள்ள பிந்தைய வகைகள். இந்தியச் சின்னத்தோடு கட்ட நினைத்து ‘டி’ பெட்டியை வாங்கினால் வீண்தான். பெட்டியில் வரும் டீகல்கள் (மாதிரியின் மேல் ஒட்டும் சின்னங்கள்) பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் சின்னங்கள். இந்திய வட்டச் சின்னத்துக்குத் தனி டீகல் தாள் தேட வேண்டியிருக்கும். அது கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு கிட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

இனி அந்தப் பித்தளை செட். கடைக்காரர் சொல்வதில் பாதிதான் உண்மை. உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் ஒட்டி மூடிய பிறகு, உள்ளே நீங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து வைத்த ரேடியோப் பெட்டியும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் உங்கள் மனசுக்கு மட்டும்தான் தெரியும். லிபரேட்டரின் குண்டு அறைக் கதவுகள் கடை ஷட்டர் மாதிரி உடலின் பக்கவாட்டில் உருண்டு ஏறுபவை. திறந்து வைத்தால் அழகுதான், ஆனால் பார்க்க விமானத்தைத் தலைகீழாகத் தூக்க வேண்டும். வந்த விருந்தாளி யாரும் தூக்கப் போவதில்லை, தூக்க நீங்களும் விடப் போவதில்லை. உள்ளே மூடிப்போவதற்குக் காசு போடாதீர்கள்.

வெளியே தெரிவது மூக்கு, விமானி அறை, கோபுரங்களின் கண்ணாடி, நான்கு என்ஜின்கள், சக்கரங்கள். காசு அங்கே போகட்டும். இதில் முதலில் வாங்க வேண்டியது கண்ணாடிச் சட்டங்களுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியை மறைக்க அளவெடுத்து வெட்டி வரும் மாஸ்க் செட். இந்த விமானத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிகள் எக்கச்சக்கம். ஒவ்வொன்றுக்கும் டேப்பைக் கையால் வெட்டினால் கண் பூத்துவிடும். அடுத்து, வேண்டுமானால், விமானி இருக்கைக்குப் பட்டை. குண்டு அறை செட்டைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு செலவு பெட்டியில் எழுதியிருக்காது: எடை. லிபரேட்டருக்கு மூக்குச் சக்கரம் உண்டு. முன்பக்கம் கனம் வைக்காவிட்டால் மாதிரி வாலில் உட்கார்ந்துவிடும். (வால் சக்கரத்தில் நிற்கும் லங்காஸ்டருக்கும் பி-17-க்கும் இந்தத் தொல்லை கிடையாது.) மூக்கு கண்ணாடி என்பதால் அங்கே ஒளித்து வைக்க இடம் குறைவு. விமானி அறைத் தரைக்கு அடியிலும், என்ஜின் கூடுகளுக்குள்ளும் வையுங்கள். நாகப்பட்டினம் பக்கம் போனால் வலைக்கடையில் ஈயக்குண்டு வாங்கி வந்துவிடுங்கள், ஆன்லைன் ‘மாடல் வெயிட்’ எதற்கு? ஒட்டுவதற்கு ஆரல்டைட் போதும். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை மட்டும் வேண்டாம். அதோடு சேர்ந்து ஈயம் வெளுத்து, பொருமி, மாதங்கள் கழித்து உடலைப் பிளந்துவிடும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காபி.

மொத்தச் செலவு? கிட் என்ன விலையோ அதே தொகையைப் பெயின்ட், பசை, கட்டர், உப்புத்தாள் என்று தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கிட்டில் ஒரு ஸ்ப்ரூவே (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) இல்லை. கோபுரக் கண்ணாடி ஒன்றில் விரிசல். ‘கவரைப் பிரித்தாயிற்று, இனி எடுக்க மாட்டோம்’ என்கிறார் பெங்களூரு விற்பனையாளர். – கும்பகோணம் வாசகர்

பதில்: கவரைப் பிரிக்காமல் ஸ்ப்ரூ இல்லை என்று எப்படித் தெரியும்? அதையே அவருக்கு எழுதுங்கள்.

முதலில் அந்த விரிசலை உறுதி செய்துகொள்ளுங்கள். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் விரிசல். தட்டாமல் மெல்லிய கோடு மட்டும் தெரிந்தால் அது அச்சில் பிளாஸ்டிக் ஓடிய தடமாக இருக்கலாம். அதை வைத்துச் சண்டை போட்டால் நிற்காது. காணாமல் போன ஸ்ப்ரூதான் உங்கள் பலம். கிட்டோடு வரும் செய்முறைக் குறிப்பேட்டின் முதல் பக்கங்களில் ஏ, பி, சி என்று ஸ்ப்ரூக்களின் படம் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, வந்த ஸ்ப்ரூக்களை அதே வரிசையில் அடுக்கி ஒரே படத்தில் எடுங்கள். ஒரு பாகத்தைக்கூட வெட்டக் கூடாது. வெட்டிவிட்டால் பேச்சே மாறிவிடும்.

குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். ஆன்லைன் தளத்துக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் புகாருக்கு ரசீது, ஒரு மாதத்தில் தீர்வு என்பது 2020 மின்வணிக விதி. அங்கே நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் பெங்களூருவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது.

ஒன்று மட்டும்: உங்களுக்கு வேண்டியது பணமா, ஸ்ப்ரூவா? ஸ்ப்ரூ என்றால் தயாரிப்பு நிறுவனத்துக்கும் பில்லோடு ஒரு மெயில் தட்டுங்கள். சில நிறுவனங்கள் விடுபட்ட பாகத்தை அனுப்பிவைக்கின்றன.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ‘கிஃப்ட்’ என்று எழுதி பார்சல் போட்டால் சுங்க வரி கிடையாதாமே? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு போயிற்று. இப்போது ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும்தான். மச்சான் ஊருக்கு வரும்போது பேக்கேஜ் சலுகை வரம்புக்குள் கையோடு கொண்டுவரட்டும். கிட் மட்டும். பெயின்ட், தின்னர், பசை பெரும்பாலும் தீப்பற்றும் சரக்கு. விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

கேள்வி: ஐப்பசியில் பெயின்ட் அடிக்கலாமா? ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) வாங்கியே ஆகணுமா? – மயிலாடுதுறை வாசகர்

பதில்: லாக்கர் வகைப் பெயின்ட்டை (தின்னர் கலந்து அடிப்பது, சட்டென்று காய்வது) அடைமழை நாளில் அடித்தால் ஈரம் இறங்கி வெள்ளை பூத்துவிடும். கட்டும் வேலையை மழையில் செய்யுங்கள், பெயின்ட்டைத் தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு என்ஜின் விமானத்தின் இறக்கைப் பரப்புக்குத் தூரிகை ஒத்துவராது, கோடு கோடாக நிற்கும். ஏர்பிரஷ் வாங்குவதானால் டேங்க் உள்ள கம்ப்ரஸராகப் பாருங்கள், தண்ணீர் பிரிக்கும் குடுவையும் இருக்கட்டும். நம்மூர்க் காற்றுக்கு அது இல்லாமல் சரிப்படாது. செலவைக் குறைக்க ஆட்டோமொபைல் பெயின்ட் கடையில் என்.சி. தின்னர் வாங்கி மாதிரியைத் துடைக்கப் போகாதீர்கள்; பிளாஸ்டிக் உருகும். ஃபெவிக்விக் கண்ணாடிப் பாகங்களுக்கு ஆகாது. அதன் ஆவியே கண்ணாடியை மங்கலாக்கும்.

கேள்வி: கட்டி முடித்த விமானத்துக்குக் கண்ணாடிப் பெட்டி எங்கே கிடைக்கும்? ஆன்லைன் விலை மயக்கம் வருகிறது. – திருவாரூர் வாசகர்

பதில்: தஞ்சாவூரில் நெட்டியில் செய்த பெரிய கோயில் விற்கும் கடைகளில் கேளுங்கள். அதற்குப் பெட்டி போடுகிறவர்கள் நீங்கள் சொல்லும் அளவுக்கும் போட்டுத் தருவார்கள். விமானத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அளவை எழுதிக்கொண்டு போங்கள். நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள்.