ஒரு சுண்டு அரிசி காணும்: போடிங் பிள்ளையளின்ர கேள்விகளும் என்ர பதிலும்

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில கன வருசமா மனநலப் பக்கம் வேலை செய்யிறன், கூடுதலா படிக்கிற பிள்ளையளோடதான் பழக்கம். சமையல் மனசுக்கு உதவுமோ எண்டு நிறையப்பேர் கேட்டிருக்கிறியள், அதால இண்டைக்கு அது மட்டும். நான் டொக்டர் இல்ல, மருந்து பற்றிக் கேக்காதேங்கோ.

கேள்வி (நிலாவெளி போடிங், கம்பஸ் ரெண்டாம் வருசம்): அக்கா, எக்ஸாம் வந்தா எங்களுக்குப் பாணும் நூடில்ஸும்தான். சமைச்சா மனசுக்கு என்ன வரப்போகுது, படிக்கிற நேரம்தானே போகும்?

பதில்: தம்பி, படிப்புக்கு முடிவே இல்ல பாருங்கோ, ஒரு அசைன்மென்ட் குடுத்தா அடுத்தது நிக்கும். சொதி அப்பிடியில்ல. வெங்காயம், பச்சமிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு ரெண்டாம் பால்ல அவிய விட்டு, பிறகு முதல் பாலை விட்டு நெருப்பைக் குறைச்சு துழாவிக்கொண்டே நிக்கோணும், கையெடுத்துப் போனைப் பாத்தியளோ திரைஞ்சு போகும். அந்த ரெண்டு மூண்டு நிமிசமும் உங்கட யோசினை ரிசல்ட்டில இருக்காது, சட்டியிலதான் இருக்கும். இறக்கிப்போட்டுத் தேசிக்காய் புளி விட்டா வேலை முடிஞ்சுது, சாப்பிடவும் ஏலும். மனச்சோர்வுக்கு உளவியலில ஒரு வழி இருக்கு, மனநிலை சரியாகட்டும் பிறகு எழும்புவம் எண்டு காத்திராம முதல்ல ஒரு சின்ன வேலையைச் செய், மனநிலை பின்னால வரும் எண்டு. சமையல் அதுக்கு நல்லாப் பொருந்தும், ஏனெண்டா பசி எப்பிடியும் வரும்தானே.

கேள்வி (மூதூர்): சாப்பாட்டாலயே டிப்ரஷன் மாறும் எண்டு யூரியூப்ல சொல்றாங்க, உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2017ல அவுஸ்திரேலியாவில செய்த ஒரு ஆய்வு வெளிவந்தது, மனச்சோர்வு இருந்த 67 பேர், 12 கிழமை. ஒரு பகுதிக்கு மரக்கறி, பருப்பு வகை, மீன் கூடின மத்தியதரைக் கடல் பக்கச் சாப்பாட்டுக்கு வழிகாட்டினவை, மற்றப் பகுதியோட சும்மா இருந்து கதைச்சவை. முதல் பகுதியில 32 வீதம் பேர் மனச்சோர்வு எண்ட கணக்கிலிருந்து வெளிய வந்திட்டினம், மற்றதில 8 வீதம். ஆனா அது சின்ன ஆய்வு, கனபேர் ஏற்கெனவே வைத்தியத்திலயும் இருந்தவை. அதால குளிசையை நிப்பாட்டிப்போட்டு கீரை சாப்பிடுறன் எண்டு வெளிக்கிடாதேங்கோ. ஒலிவ் எண்ணெய் வாங்கிக் காசைக் கரைக்கவும் வேணாம், எங்கட கடற்கரையில வாற சூடை மீனும் கீரி மீனும், கடையில கௌப்பியும் வல்லாரையும் இருக்கேக்க என்னத்துக்கு?

கேள்வி: எங்கட விடுதியில அடுப்பு மூட்ட விடமாட்டினம். ஒளிச்சு ஒரு ஹீற்றர் வைக்கட்டோ?

பதில்: வேணாம். வயர் சூடாகி நெருப்புப் பிடிச்சா மனநலமும் இல்ல ஒண்டும் இல்ல. அவலை நனைச்சு கிண்ணியாத் தயிரும் வாழைப்பழமும் போட்டுக் குழையுங்கோ. ஞாயிற்றுக்கிழமையில போடிங்கில இருக்கிற ஒரு சிநேகிதின்ர குசினியைக் கேளுங்கோ, தேங்காய் திருவித் தாறம் எண்டா எந்த அன்ரியும் மாட்டன் எண்டு சொல்லாது.

கேள்வி (அன்புவழிபுரம், ஒரு அம்மா): மகன் ஏஎல் எடுக்கிறான். எந்நேரமும் அறைக்குள்ள, கேட்டா எரிஞ்சு விழுறான். ஆம்பிளப்பிள்ளையைக் குசினிக்குள்ள கூப்பிடுறதோ எண்டு இவர் பேசுறார்.

பதில்: கட்டாயம் கூப்பிடுங்கோ அம்மா, அவரையும் சேத்துக் கூப்பிடுங்கோ. முன்னால இருத்தி வைச்சு "என்னடா பிரச்சினை" எண்டு கேட்டா எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. பக்கத்தில இருந்து சின்ன வெங்காயம் உரிக்கேக்க ரெண்டுபேரின்ர கண்ணும் வெங்காயத்தில, கை வேலையில, அப்பதான் கதை தானா வரும். ஆனா அந்த நேரத்தில மாக்ஸைப் பற்றியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றியோ ஒரு சொல்லுக் கூடக் கதையாதேங்கோ, கதைச்சா அடுத்த நாள் வரமாட்டான். உப்புக் கூடினாலும் பேசாமச் சாப்பிடுங்கோ.

கேள்வி (கிண்ணியா): என்ட ரூம்மேட் எங்கள் எல்லாருக்கும் ஆசையா சமைச்சுத் தாறா, எந்நேரமும் சமையல் வீடியோதான் பாக்கிறா. ஆனா தான் சாப்பிடுறதே இல்ல, நல்லா மெலிஞ்சிட்டா.

பதில்: இதை லேசா எடுக்காதேங்கோ தங்கச்சி. 1944-45ல அமெரிக்காவில மினசோட்டாவில 36 ஆம்பிளையளை அவையின்ர சம்மதத்தோட மாசக்கணக்கா அரைவயித்தில வைச்சு ஒரு ஆராய்ச்சி நடந்தது, அதில சிலர் சமையல் புத்தகம் வாசிக்கிறதும் சாப்பாட்டைப் பற்றியே கதைக்கிறதுமா மாறிப்போச்சினம். பட்டினி கிடக்கிற மூளைக்குச் சாப்பாட்டு நினைவு விட்டுப் போகாது. அவவுக்கும் அதேதான் எண்டு நான் சொல்ல வரேல்ல, ஆனா மற்றவைக்குச் சமைச்சுப்போட்டுத் தான் ஒதுங்கிறது கவனிக்கவேண்டிய ஒண்டு. "மெலிஞ்சிட்டாய்" எண்டு உடம்பைப் பற்றிச் சொல்லாம, "நீ எங்களோட இருந்து சாப்பிடாதது எனக்கு ஒரு மாதிரி இருக்கு" எண்டு தனிய இருக்கேக்க சொல்லுங்கோ. டொக்டரிட்ட போக நீங்களும் கூடப் போங்கோ. என்ன செய்யிறது எண்டு தெரியாட்டி 1926க்கு அடியுங்கோ, தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலயும் எடுப்பினம், தமிழிலயும் கதைக்கலாம். மயக்கம் போட்டா நேர ஆஸ்பத்திரிதான்.

கேள்வி: நான் சமைச்சா கருகுது அக்கா, இன்னும் டென்ஷன்தான் கூடுது.

பதில்: அப்ப விடுங்கோ, பாத்திரம் கழுவுங்கோ, தேங்காய் திருவுங்கோ. படம் எடுத்து ஸ்டேற்றஸ் போடுறதையும் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுங்கோ, அதுதான் சமையலையும் எக்ஸாமா மாத்திறது.

கேள்வி (உப்புவெளி): தனிய ஒரு அறை. ஒராளுக்குச் சமைக்க மனமே வருதில்ல, சமைச்சாலும் மிஞ்சுது, அதை அடுத்த நாள் சாப்பிடலாமா?

பதில்: எங்கட வெக்கைக்குச் சோத்தை வெளிய வைச்சுச் சாப்பிடாதேங்கோ, அதில வளருற ஒரு கிருமி விடுற நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் போகாது. பிரிஜ் இருந்தா ஆறின கையோட உள்ள வைக்கோணும். இல்லாட்டி அளவாப் போடுங்கோ, ஒரு சுண்டு அரிசி ரெண்டு பேருக்குக் காணும். பக்கத்து அறையில இருக்கிறவரைக் கேட்டுப் பாருங்கோ, சோறு உங்கட, கறி அவரின்ர எண்டு கிழமையில ஒரு நாள். பெரிய சிநேகிதம் எல்லாம் வேணாம், ரெண்டு கோப்பை இருந்தா சரி.